அசலில்தானே கொடுத்தோம்

நான் மயக்க மருந்து மருத்துவர். கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை. ஆபரேஷனுக்கு முதல் நாள் நோயாளியைப் பார்க்கப் போனால் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், ஆடுகிற பல் இருக்கிறதா, கட்டின பல் இருக்கிறதா, பீடி சிகரெட் உண்டா, இளைப்பு வருமா, சர்க்கரை, பிரஷர், எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. இதையெல்லாம் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வரிசையின் கடைசியில் குரலைக் கொஞ்சம் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பேன். "தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?"

சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சிலருக்கு முகம் இறுகும். ஒரு கல்லூரிப் பேராசிரியர் "ஆஸ்பத்திரியிலுமா?" என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மருந்து இருக்கிறது. அந்த மருந்துக்குப் பின்னால் ரொம்பப் பழைய ஒரு கல்யாண வழக்கம் இருக்கிறது.

மருந்தின் பெயர் சக்சினைல்கோலின். ஆபரேஷன் தியேட்டரில் எல்லோருக்கும் அது ஸ்கோலின். 1950களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. ஊசி போட்ட ஒரு நிமிடத்துக்குள் கண் இமை துடிக்கும். பிறகு முகம், தோள், வயிறு, கால் என்று சதையெல்லாம் ஒரு சுற்று துடித்து அடங்கும். அதற்கப்புறம் உடம்பில் ஒரு தசையும் அசையாது, மூச்சு விடும் தசையும் சேர்த்து. அந்த நேரத்தில் தொண்டைக்குள் டியூபைச் செருகிவிடுவோம். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அவசரமாக வந்தவர்களுக்கு இந்த வேகம் உயிர் காக்கும். சாப்பிட்டது நுரையீரலுக்குள் போவதற்குள் வழியை அடைத்துவிடலாம் இல்லையா. இன்னொரு நன்மை, அதன் ஆயுள் குறைவு. ஐந்து, பத்து நிமிடத்தில் மூச்சு தானாகத் திரும்பிவிடும். ரத்தத்தில் பியூட்ரைல்கோலினெஸ்டரேஸ் என்று ஒரு நொதி ஓடுகிறது. ஏற்றிய ஸ்கோலினில் பெரும்பகுதியை அது தசைக்குப் போய்ச் சேரும் முன்னேயே உடைத்துப் போட்டுவிடும்.

அந்த நொதி இல்லாத ஆளுக்கு ஸ்கோலின் போட்டால் என்ன ஆகும்?

எனக்கு அது ஒரு ராத்திரி நடந்தது. குடல்வால் வீங்கி வந்த பையன், இருபது வயதுக்குக் கொஞ்சம் மேல். ஹோட்டலில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு நேராக வந்திருந்தான். ஸ்கோலின் போட்டு டியூபும் போட்டாயிற்று. அடுத்து நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தைக் கொடுப்பதற்கு முன்னால் ஸ்கோலின் தெளிய ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தோம். மணிக்கட்டில் இரண்டு பேட் ஒட்டி லேசாக மின்சாரம் கொடுத்தால் கட்டைவிரல் வெட்டி இழுக்கும். எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும். பத்து நிமிடம் ஆயிற்று, விரல் அசையவில்லை. இருபது நிமிடம், அப்போதும் இல்லை. சர்ஜனுக்குச் சந்தோஷம், வயிற்றுத் தசை இவ்வளவு தளர்வாக அவருக்கு வாய்ப்பது அபூர்வம். தையல் போட்டு முடித்துக் கையுறையைக் கழற்றிவிட்டார். பையனோ இன்னும் கல்லாகக் கிடந்தான்.

இந்த இடத்தில் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டு. ஆபரேஷன்தான் முடிந்துவிட்டதே என்று மயக்க வாயுவை நிறுத்துவது. நிறுத்தினால் மூளை விழித்துக்கொள்ளும், உடம்பு விழிக்காது. காது கேட்கும், வலி தெரியும், விரலைக்கூட அசைக்க முடியாது. வெளியே தெரிவது ஏறுகிற பல்ஸும், மூடிய கண்ணோரம் கசிகிற நீரும் மட்டும்தான். அதனால் தூக்க மருந்தைத் தொடர்ந்து ஓட்டி, வென்டிலேட்டரில் வைத்து, ஐசியூவுக்கு மாற்றினோம். வேறு சிகிச்சை பெரிதாக ஒன்றும் கிடையாது. மருந்து தானாக வடியும் வரை அவனுக்காக மூச்சு விட வேண்டும், அவ்வளவுதான். வெளியே அவன் அப்பா சுவரோரம் நின்றபடியே கேட்டார், "முழிச்சுக்குவானுங்களா டாக்டரு?" முழித்துக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதைத் தைரியமாகச் சொல்வதற்குக் கட்டைவிரல் ஒரு தடவை அசைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது விடிகிற நேரத்தில்தான் அசைந்தது.

அவர்கள் ஆரிய வைசியக் குடும்பம். ரத்தத்தில் நொதி அளவு பார்த்தோம், ஏறக்குறைய பூஜ்யம்.

இந்தச் சமூகத்தில் இது அதிகம் என்று தென்னிந்தியாவில் மயக்க மருந்து கொடுப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். காரணத்தை மரபணு வரை போய்க் கண்டுபிடித்தது எங்கள் ஊர்க்காரர்கள்தான். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஆர். பூபதியின் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு. அந்த நொதியின் 307ஆவது இடத்தில் லியூசின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், இவர்களுக்கு அங்கே புரோலின் என்ற வேறொன்று இருந்தது. ஒரே ஒரு எழுத்துப்பிழை, மொத்த நொதியும் உபயோகமில்லாமல் போய்விடுகிறது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் வைசியர்களிடம் இந்தக் குறை 100 மடங்கு வரை அதிகம் என்கிறார்கள். இதே குழு அடுத்த ஆண்டு, நொதி இல்லாதவர்களின் பொதுவான உடல்நலத்தையும் பார்த்து எழுதியது. அவர்கள் நன்றாகவே இருந்தார்கள்!

எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். இந்தப் பிழை எத்தனையோ நூற்றாண்டுகளாக அந்தச் சமூகத்தில் யாருக்கும் ஒரு தொந்தரவும் தராமல் இருந்திருக்கிறது. வியாபாரம் பார்த்தார்கள், கன்னிகா பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். 1950களில் ஒரு மருந்து வந்தது, அன்றைக்குத்தான் அது நோயாக மாறியது. இன்றுகூட ஸ்கோலினுக்குப் பதில் ரோக்குரோனியம் என்ற வேறு மருந்தைப் போட்டுவிட்டால் நோயே இல்லை. ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. பருத்திக் காட்டில் மருந்தடிக்கிறவர்களுக்குப் பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க இதே நொதியைத்தான் அளப்பார்கள். பிறவியிலேயே நொதி இல்லாத ஆளின் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, விஷம் குடித்துவிட்டார் என்று முடிவு கட்ட வாய்ப்பு இருக்கிறது.

சரி, பையனின் அம்மாவுக்கு வருகிறேன். இது பரம்பரையாக வருவது, அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாக இருந்தால்தான் இப்படி ஆகும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே மறித்தார். "எங்க வீட்ல சொந்தத்துலயே கட்டலீங்களே. எங்க அப்பா, மாமன் பையன் வேண்டாம்னு சொல்லி அசல்லதானுங்க என்னைக் கொடுத்தாரு. கோத்திரமும் வேற."

இந்தப் பேச்சை நான் எல்லாச் சாதிக்காரர்களிடமும் கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடப் பாடப்புத்தகம், ரேடியோ, ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிய போஸ்டர் எல்லாமே, நெருங்கிய சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று பல வருடமாகச் சொல்லிவந்திருக்கின்றன. அறிவுரை சரிதான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் 28 சதவீதக் கல்யாணங்கள் சொந்தத்துக்குள் நடந்தவை, நாட்டிலேயே முன்வரிசை. ஆனால் அந்த அறிவுரையை நம் ஆட்கள் தலைகீழாக்கி வைத்துக்கொண்டார்கள். சொந்தத்தில் கட்டினால் ஆபத்து, ஆகவே அசலில் கட்டினால் ஆபத்தே இல்லை. அந்த அசல் எங்கிருந்து வருகிறது? அதே சாதியிலிருந்து. பெரும்பாலும் அதே உட்பிரிவிலிருந்து.

கோத்திரம் பார்த்தோம், கூட்டம் பார்த்தோம், நகரத்தார் என்றால் கோயில் பார்த்தோம் என்பார்கள். இந்தக் கணக்கெல்லாம் அப்பா வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறது. மாமன் மகள் வேறு கோத்திரம்தான். ஆனால் அவளுக்கும் உங்களுக்கும் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொது. அக்கா மகளும் வேறு கோத்திரம், அங்கே நாலில் ஒரு பங்கு பொது. பதினாறு தலைமுறைக்கு முன்னால் பிரிந்த பங்காளியைக் கட்டக்கூடாது, அக்கா மகளைக் கட்டலாம் என்பது சமூக ஒழுங்குக்கு ஏற்பாடாக இருக்கலாம். மரபணுவுக்கு அது தலையும் புரியாது காலும் புரியாது.

வடக்கே அகர்வால்களைப் பாருங்கள். கோத்திரம் விட்டுக் கோத்திரம்தான் கட்டுவார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்ற பேச்சுக்கே இடமில்லை, அவர்கள் அண்ணன் தங்கை முறை. நம்மூர் போஸ்டர் சொல்லும் ஒழுங்கை நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கிறவர்கள். அந்தச் சமூகக் குழந்தைகள் சிலருக்கு ஒரே மாதிரித் தொல்லை இருப்பதை 1990களில் மும்பை நரம்பியல் மருத்துவர் பீம் சிங்கால் பதிவு செய்தார். முதல் வருடத்திலேயே தலை அளவுக்கு மீறிப் பெரிதாகும். நடை பழகுவது தாமதமாகும், பழகிய நடையும் போகப்போகத் தடுமாறும். வலிப்பு வரும். ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் மூளையின் வெள்ளைப் பகுதி முழுக்க வீங்கி, அங்கங்கே நீர்க்கட்டிகளோடு தெரியும். படத்தைப் பார்த்தால் குழந்தை படுத்த படுக்கையாக இருக்கும் என்று நினைப்போம், எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும். பின்னால் மரபணுவைத் தேடிப் போனபோது அகர்வால் குழந்தைகளிடம் ஒரே பிழை திரும்பத் திரும்பக் கிடைத்தது. எங்கோ ஒரு பொது மூதாதை. எந்தக் குடும்பமும் சொந்தத்தில் கட்டவில்லை. மொத்தச் சமூகமும் தூரத்துச் சொந்தமாக இருந்தது.

இப்படி ஆவதற்கு இரண்டு காரியம் நடக்க வேண்டும். முதலில் ஒரு சமூகம் கொஞ்சம் பேரிலிருந்து கிளம்ப வேண்டும். பஞ்சமோ, இடப்பெயர்ச்சியோ, ஒரு சண்டையில் பிரிந்து வந்ததோ, ஏதோ ஒன்று. அந்தக் கொஞ்சம் பேரில் ஒருவரிடம் இருந்த பிழைக்கு, ஆயிரத்தில் ஒன்றாக இருந்த நிலை போய் ஐம்பதில் ஒன்று என்ற இடம் கிடைத்துவிடுகிறது. இரண்டாவது, அதற்கப்புறம் வெளியே பெண் எடுக்காமல், கொடுக்காமல் பெருக வேண்டும். எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டினாலும் ஆதியில் இருந்த விகிதம் கரையாது. வெளியிலிருந்து தலைமுறைக்கு நூற்றில் ஒன்றிரண்டு பேர் வந்து சேர்ந்திருந்தால்கூட ஆயிரம் இரண்டாயிரம் வருடத்தில் அது நன்றாகவே நீர்த்துப் போயிருக்கும். நம் நாட்டில் பல சமூகங்களில் அந்த ஒன்றிரண்டு பேர்கூட வரவில்லை.

இதை எப்படி அளக்கிறார்கள் என்பது சுவாரசியமானது. உங்கள் டிஎன்ஏ அப்பா அம்மாவிடமிருந்து வரும்போது துண்டாகி, மாறிச் சேர்ந்துதான் வருகிறது. ஒரு எட்டு முழ வேட்டியைத் தலைமுறைக்குத் தலைமுறை கிழித்துப் பங்கு வைத்துக்கொண்டே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். நாள் ஆக ஆகத் துண்டு சின்னதாகும். ஒரே சாதியில், ஒருவரை ஒருவர் தெரியாத இரண்டு பேரை எடுத்து அவர்களிடம் நீளமான ஒரே துண்டு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீளமாக இருந்தால் அவர்களின் பொது மூதாதை ரொம்பத் தூரத்தில் இல்லை. ஹைதராபாத்தில் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு மையத்தில் கே. தங்கராஜும் ஹார்வர்டில் டேவிட் ரைக்கும் அவர்கள் குழுவும் இந்தக் கணக்கை 2017இல் வெளியிட்டார்கள். தெற்காசியாவில் 260க்கு மேற்பட்ட குழுக்கள், 2,800 பேருக்கு மேல். உலகில் இந்த விஷயத்துக்குப் பாடப்புத்தக உதாரணம் இரண்டு உண்டு, பின்லாந்துக்காரர்களும் ஐரோப்பாவின் அஷ்கெனாசி யூதர்களும். அவர்களைவிடக் குறுகலான வாசல் வழியே வந்த குழுக்கள் நம் பக்கத்தில் 81. அதில் 14 குழுக்களின் மக்கள்தொகை பத்து லட்சத்துக்கும் மேல்.

பின்லாந்தில் அந்த நாட்டுக்கே உரிய பரம்பரை நோய்கள் முப்பதுக்கு மேல் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மரபணுவும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே நம் சென்னையைவிடக் குறைவு. நம் 81 குழுக்களுக்கு அப்படி ஒரு பட்டியல் எங்கே? அங்கொன்றும் இங்கொன்றுமாக, ஏதாவது ஒரு மருத்துவர் ஒரே முகச்சாயலில் நாலு குழந்தையைப் பார்த்துச் சந்தேகப்பட்டால் உண்டு.

இதே ரைக், தங்கராஜ் கூட்டணி 2013இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, இந்தியாவில் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் சுமார் 4,200 முதல் 1,900 வருடங்களுக்கு முன்பு வரை தாராளமாக ஒன்றோடொன்று கலந்திருந்தன என்று சொன்னது. அப்புறம் கதவு சாத்தப்பட்டது. ஆக, சுத்த ரத்தம் பேசுகிறவர்களுக்கும் இதில் ஒன்றும் கிடைக்காது, கிடைப்பது கலந்து முடித்தபின் போட்ட பூட்டு மட்டும்தான்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம், சுருக்கமாகவே. ஒரு பிழையை நூறு பேரில் ஒருவர் சுமக்கிறார் என்று வைப்போம், எங்கள் பாஷையில் கேரியர். கணவன் கேரியராக இருக்க நூற்றில் ஒன்று, மனைவிக்கு நூற்றில் ஒன்று, இருவருமே கேரியர் என்றால் குழந்தைக்கு நாலில் ஒன்று. பெருக்கினால் 40,000 குழந்தைகளில் ஒன்றுக்கு நோய். இன்னொரு சமூகத்தில் பத்தில் ஒருவர் கேரியர் என்றால்? 400 குழந்தைகளில் ஒன்று. கேரியர் பத்து மடங்கு கூடினால் நோய் நூறு மடங்கு கூடுகிறது. வைசியர்களின் அந்த 100 மடங்குக்கு அர்த்தம் இதுதான்.

இப்போது இதில் மாமன் மகளைக் கொண்டுவாருங்கள். நூறில் ஒருவர் கேரியராக இருக்கும் அபூர்வ நோயில், மாமன் மகளைக் கட்டினால் 40,000இல் ஒன்று என்பது சுமார் 3,000இல் ஒன்றாகிவிடும், பதின்மூன்று மடங்கு. பத்தில் ஒருவர் கேரியராக இருக்கும் நோயில் 400இல் ஒன்று என்பது 180இல் ஒன்று போல ஆகும், இரண்டு மடங்கைவிடக் கொஞ்சம் அதிகம். அதாவது சொந்தக் கல்யாணம் அபூர்வ நோய்களைத்தான் பெரிதாகத் தூக்கிவிடுகிறது. ஒரு சமூகத்தில் ஏற்கெனவே பரவிக் கிடக்கும் பிழைக்கு, அத்தை வீட்டைத் தவிர்த்து அடுத்த ஊரில் அதே சாதியில் பெண் எடுப்பதால் கிடைக்கும் லாபம் பாதிதான்.

வேலூர் சிஎம்சியில் ராவ், இன்பராஜ் என்று இரண்டு ஆய்வாளர்கள் 1970களில் வட ஆற்காட்டுப் பக்கம் பெரிய கணக்கெடுப்பு நடத்தினார்கள். அப்போது கிராமங்களில் பாதிக்குப் பாதி கல்யாணம் சொந்தத்துக்குள். சொந்தத்தில் கட்டியவர்களுக்குக் கருச்சிதைவும் சிசு மரணமும் எகிறியிருக்கும் என்று எதிர்பார்த்தால், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பல தலைமுறையாகச் சொந்தத்தில் கட்டி மோசமான பிழைகள் கழிந்துபோயிருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அந்த ஆய்வில் 'சொந்தமில்லாத' தம்பதி என்று எதிர்ப்பக்கம் நிறுத்தப்பட்டவர்களும் அதே சாதிக்குள் கட்டியவர்கள்தானே. ஒப்பிடுவதற்கு நிஜமான அசலே அங்கே இருந்திருக்காது. இதைச் சொல்வதால் அக்கா மகளைக் கட்டலாம் என்று நான் சீட்டு எழுதிக் கொடுப்பதாக யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். பிரிட்டனில் பிராட்போர்டு நகரத்தில் பிறந்த குழந்தைகளை வைத்து 2013இல் வந்த ஆய்வில், பிறவிக் குறைபாடு சொந்தக் கல்யாணத்தில் மூன்று சதவீதத்திலிருந்து ஆறாக இரட்டித்திருந்தது.

எல்லாப் பிழையும் இப்படித் தற்செயலாகத் தங்கியதும் இல்லை. எங்களுக்கு மேலே நீலகிரியில், இருளர், குறும்பர், பணியர் மத்தியில் அரிவாள் செல் நோய் இருக்கிறது. இந்தியாவில் அது இருக்கிறது என்று முதலில் தெரிந்ததே அந்த மலையில்தான், 1952இல் லேமன், கட்புஷ் இருவர் செய்த ரத்தப் பரிசோதனையில். ஒரு பிரதி மட்டும் இருந்தால் கடுமையான மலேரியாவிலிருந்து காப்பாற்றும், இரண்டும் சேர்ந்துவிட்டால் ரத்த அணு அரிவாளாக வளைந்து குழாயை அடைக்கும். அங்கே பிழை தங்கியதற்குக் காரணம் கொசு. ஸ்கோலின் விஷயத்தில் கொசுவும் இல்லை, லாபமும் இல்லை, ஆதியில் யார் வந்தார்கள் என்ற தற்செயல் மட்டுமே. அரிவாள் செல்லுக்கு 2023 ஜூலையில் மத்திய அரசு தனி இயக்கமே தொடங்கியிருக்கிறது, ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. நல்லதுதான். பழங்குடிகளிடம் போய் ரத்தம் எடுப்பது அரசுக்குச் சுலபமாக இருக்கிறது. டவுனில் மண்டபம் கட்டி வைத்திருக்கும் சாதிச் சங்கத்திடம் போய் இதே பேச்சை எடுக்க யாருக்கும் துணிச்சல் வருவதில்லை.

பேச்சை எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பையன் டிஸ்சார்ஜ் ஆகும் அன்று, இவனுக்கு ஸ்கோலின் கூடாது என்று லெட்டர் எழுதிக் கையில் கொடுத்தேன். கூடப் பிறந்தவர்களுக்கும் இருக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு, தங்கைக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடலாம் என்றேன். அம்மா கணவர் முகத்தைப் பார்த்தார். "புள்ளைக்கு வரன் பாத்துட்டு இருக்கோமுங்க. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பண்ணிக்கலாம்." இது நோயே இல்லை, ஒரு மருந்தைத் தவிர்த்தால் போதும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்கள். தங்கை வரவில்லை. பிரசவத்துக்கு எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போவாளோ, அங்கே இருக்கிறவர் கேட்டால் சரி.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிரீஸ் நாட்டில் ஓர்கோமெனோஸ் என்று ஒரு ஊர். அரிவாள் செல் அங்கே அதிகம். மருத்துவர்கள் ஊர் முழுக்கப் பரிசோதித்து, யார் கேரியர் என்று அவரவரிடம் சொல்லி, இரண்டு கேரியர்கள் கட்டிக்கொள்ளாதீர்கள் என்று அறிவுரையும் கொடுத்தார்கள். சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால், பிறந்த நோயாளிக் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்திருக்கவில்லை. கேரியர் என்று தெரிந்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டமானதால் வீட்டுக்காரர்கள் விஷயத்தை மறைத்திருந்தார்கள். நம் ஊர்க் கதைதான்.

அதற்கு நேர் எதிராக ஒன்று நியூயார்க்கில் நடந்தது. அஷ்கெனாசி யூதர்களிடம் டே-சாக்ஸ் என்று ஒரு கொடுமையான நோய் உண்டு. குழந்தை ஆறு மாதம் வரை நன்றாகச் சிரித்து விளையாடும். அப்புறம் கற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் போய், பார்வை போய், நாலைந்து வயதுக்குள் இறந்துவிடும். யோசெஃப் எக்ஸ்டைன் என்ற மதகுரு இப்படி நாலு குழந்தைகளைப் பறிகொடுத்தவர். அவர் சமூகத்தில் பெரியவர்கள் பார்த்துத்தான் கல்யாணம், கருக்கலைப்பு கூடாது, வெளியே கட்டுவதும் கிடையாது. நம் ஆட்களை நினைவுபடுத்துகிறதா? 1983இல் அவர் தோர் யெஷோரிம் என்ற அமைப்பைத் தொடங்கினார். கல்யாண வயதுக்கு முன்பே பிள்ளைகளிடம் ரத்தம் எடுத்து, ஒரு நம்பரை மட்டும் கையில் கொடுத்துவிடுவார்கள். ரிசல்ட் யாருக்கும் சொல்வதில்லை, அந்தப் பிள்ளைக்கே சொல்வதில்லை. வரன் பேச ஆரம்பிக்கும்போது இரண்டு நம்பரையும் போனில் சொன்னால் பொருந்தும், பொருந்தாது என்று பதில் வரும், அவ்வளவுதான். ஒரு கேரியர் கேரியர் அல்லாதவரைக் கட்டினால் ஆபத்தே இல்லை என்பதால் ஏறக்குறைய எல்லா ஜோடிகளுக்கும் எந்தத் தடையும் வராது. யார் தலையிலும் முத்திரை விழாது. இந்த முறையும், வேறு யூதர்களிடம் 1970களிலிருந்து நடந்த வெளிப்படையான பரிசோதனைகளும் சேர்ந்து, வட அமெரிக்க யூதர்களிடம் டே-சாக்ஸை 90 சதவீதத்துக்கு மேல் ஒழித்துவிட்டன. தன் உடம்பைப் பற்றித் தனக்கே தெரியாமல் வைப்பது சரியா என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆனால் நட்சத்திரம் பத்தும் பார்த்து ரஜ்ஜு தட்டுகிறது என்று நல்ல வரனைத் தள்ளும் ஊரில் நின்றுகொண்டு அவர்களைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாதி விட்டுக் கட்டினால் இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி ஒரே தலைமுறையில் தீரும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. அதற்காகக் காதலித்துச் சாதி மாறிக் கட்டியவர்களுக்கு நம் ஊரில் என்னென்ன நடக்கிறது என்று பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். மரபணுவைக் காரணம் காட்டி அதை மாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. என் பெரியம்மாவிடம் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அதுக்குத்தான் கண்ணு நாங்க ரெண்டு ஜில்லா தள்ளிப் பொண்ணு எடுக்கறோம்" என்றார். இரண்டு ஜில்லா தள்ளி, அதே ஆளுங்க.

10,000 பேரின் முழு ஜீனோமை 83 குழுக்களிலிருந்து எடுத்து ஜீனோம் இந்தியா திட்டம் 2025 தொடக்கத்தில் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. பட்டியல்கள் மெல்ல வரும். அதுவரை இதைப் படிக்கும், குழந்தை பெறப் போகிற ஜோடிகளுக்கு இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய்க்குக் கேரியரா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை. ஹெச்பிஎல்சி என்று லேபில் கேட்டால் தெரியும், கர்ப்பத்துக்கு முன்னால் செய்வது உத்தமம். ரத்தசோகை என்று வருடக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் ஏறாத பெண்கள் கண்டிப்பாகச் செய்யுங்கள், அதில் சிலர் கேரியராக இருப்பார்கள். ஒருவர் மட்டும் கேரியர் என்றால் குழந்தைக்கு அந்த நோய் வராது, அதிகம் போனால் கேரியராகும். இருவரும் கேரியர் என்றால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்திலேயே நஞ்சுக்கொடித் திசுவில் துளி எடுத்துப் பார்க்க வழி இருக்கிறது. அங்கே அவர் குடும்பப் படம் வரையும்போது யாருக்கு யார் என்ன முறை, எந்த ஊர், என்ன ஆளுங்க என்று கேட்பார். சொல்லிவிடுங்கள். பெரியப்பா வீட்டில் சின்ன வயதிலேயே தவறிப்போன குழந்தை, மயக்கம் தெளிய நேரமான சித்தப்பா, யாரும் பேச்செடுக்காத அந்த நடக்க முடியாத அத்தை, அவர்களையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.